அம்மம்மாவின் தொப்பி

கேள்வி: அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு பழுப்புநிற ஃபெல்ட் தொப்பி கிடைத்தது. மணியைக் கவிழ்த்தது போல இருக்கிறது. மட்டக்களப்பில் அவருடைய பறங்கிச் சிநேகிதி கொடுத்ததாம். எந்தக் காலத்தது?
– ஒரு வாசகி, செங்கலடி

பதில்: நீங்கள் சொல்லும் வடிவம் ‘க்ளோஷ்’. பிரெஞ்சு மொழியில் மணி என்றே பொருள். 1920களில் கூந்தலைக் குட்டையாக வெட்டிய பெண்கள் புருவம் வரை இறக்கி அணிந்தது. ஆனால் வடிவத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1960களிலும் இதே சாயல் திரும்பி வந்தது. தொப்பியைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். பட்டு உள்துணி, சற்றே ஒழுங்கில்லாத கைத்தையல், நெற்றி படும் இடத்தில் வியர்வைக் கறை படிந்த ரிப்பன் இருந்தால் பழைய காலத்துக்கே வாய்ப்பு அதிகம். நைலான் துணி என்றால் 1940க்கு முந்தியது அல்ல. உள்ளே தைத்த கடைச் சீட்டில் ஊர்ப் பெயருக்குக் கீழே ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. சீட்டைப் பிய்த்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

மட்டக்களப்பு வாவிக் காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவவும் வேண்டாம், வெயிலில் போடவும் வேண்டாம். உள்ளே வெள்ளைத்தாளைக் கசக்கி நிரப்பி, நிழலில் வையுங்கள். முயல் ரோம ஃபெல்ட்டைப் பதப்படுத்த அக்காலத்தில் பாதரசம் சேர்த்தார்கள். தொட்டபின் கை கழுவுங்கள், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.