ஒரே நாள், பல போர்முனைகள்: 1914 செப்டம்பர் 22

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். ஒருநாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சார், எங்க தாத்தா அப்பாவை 'சரியான எம்டன்'னு சொல்றாரு. அது தமிழ் வார்த்தையா?" என்று கேட்டாள். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்றதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தக் கேள்விக்கு நான் தயாரித்த பாடத்தையே இங்கு வாசக அன்பர்களுக்கும் தருகிறேன்.

எம்டன் என்ற பெயர் நம் மக்களின் பேச்சில் புகக் காரணமான நாள் 1914 செப்டம்பர் 22. பாடநூல்கள் முதல் உலகப்போரை நாடு நாடாகப் பிரித்துச் சொல்கின்றன. நாம் இந்த ஒரு தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அன்று எங்கெங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். 'உலகப்போர்' என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் விளங்கும்.

வட கடலில்

ஹாலந்து நாட்டுக் கரைக்கு அப்பால் அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே அதிகாலை; நம் கடிகாரத்தில் ஏறக்குறைய நண்பகல். ஓட்டோ வெடிகன் தலைமையிலான யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் முதலில் அபூக்கிரைத் தாக்கியது. கண்ணிவெடியில் மோதியிருக்கும் என்று எண்ணி, தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற மற்ற இரண்டு கப்பல்களும் நின்றன. நின்றதனாலேயே அவையும் அடிபட்டன. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றும் மூழ்கின. இறந்தவர்கள் 1,400க்கும் மேற்பட்டோர். உதவி செய்ய நிற்பதே ஆபத்து என்ற கொடிய பாடத்தை இந்தப் போர் அன்று கற்பித்தது.

வானிலும் தரையிலும்

அதே நாளில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு விமானங்கள் கிளம்பின. கொலோன், டுஸல்டார்ப் ஆகிய நகரங்களில் இருந்த செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளை அழிப்பது நோக்கம். மூடுபனியில் ஒரே ஒரு விமானம்தான் இலக்கை அடைந்தது. சேதமும் பெரிதாக இல்லை. ஆனாலும் ஜெர்மன் மண்ணின் மீது பிரிட்டன் நடத்திய முதல் விமானத் தாக்குதல் இதுதான்.

பிரான்சில் இரு தரப்புப் படைகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் வளைக்க முயன்று, வடக்கே கடலை நோக்கி நகரத் தொடங்கியிருந்தன. பிக்கார்டிப் பகுதியில் அன்று புதிய சண்டை மூண்டது. அந்தப் போர்முனைக்குத்தான் நம் இந்திய வீரர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். லாகூர் டிவிஷன் அன்று கப்பலில், மத்தியதரைக் கடலில் இருந்தது. செப்டம்பர் 26இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது.

சென்னையில்

இனி நம் ஊருக்கு வருவோம். எம்டன், சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட ஜெர்மன் கீழ்த்திசைக் கப்பற்படையைச் சேர்ந்தது. தளபதி ஸ்பே தம் மற்றக் கப்பல்களுடன் பசிபிக் கடலைக் கடந்து கிழக்கே செல்ல முடிவு செய்தபோது, இந்துமாக்கடலில் தனியே வேட்டையாட எம்டனை மட்டும் அனுப்பினார். அதன் கேப்டன் கார்ல் பான் முல்லர். பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றுவதற்காக, மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனுக்கு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியையும் வைத்துக்கொண்டார்கள்.

இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னையை நெருங்கியது. போர்க்காலம் என்ற நினைப்பே இல்லாமல் நகரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்நாளில் கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மேலேயே இருந்தது. கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது ஒளிபாய்ச்சிக் குறிபார்த்தார்கள். சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் பயனில்லை. எம்டன் இருளில் மறைந்தது. அடுத்த நாட்களில் பலர் மூட்டை முடிச்சுகளுடன் சென்னையை விட்டு வெளியேறினார்கள்.

ஏன் சென்னை? ஒரே கப்பலால் ஒரு நகரைப் பிடிக்க முடியாது. அது முல்லரின் நோக்கமும் அன்று. பிரிட்டிஷ் வணிகத்தைக் குலைப்பது, இந்தியர் மனத்தில் பிரிட்டிஷாருக்கு இருந்த மதிப்பைக் குறைப்பது, இவ்விரண்டுமே அவர் கருதியவை. நகரம் காலியானதைப் பார்க்கும்போது, அவர் எண்ணம் ஓரளவு நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும்.

தாகித்தியில்

இப்போது உலகப்படத்தில் பசிபிக் கடலைப் பாருங்கள். சென்னையில் இரவாக இருக்கும்போது தாகித்தித் தீவில் அதே செப்டம்பர் 22ஆம் தேதியின் காலை. எம்டனின் பழைய தோழர்களான ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசனவ் என்ற இரு கப்பல்கள் அங்குள்ள பப்பீட்டே நகரைத் தாக்கின. சென்னையில் குண்டு விழுந்த சில மணி நேரத்துக்குள் நடந்தது இது. ஸ்பேக்குத் தேவைப்பட்டது நிலக்கரி. அது எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பிரெஞ்சுக்காரர்களே தங்கள் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். சென்னையில் எரிந்தது எண்ணெய். பப்பீட்டேயில் எரிந்தது நிலக்கரி. எரிபொருள் இல்லாமல் இந்தப் போர் ஒரு நாளும் நகராது என்பதை இரண்டு தீயும் காட்டுகின்றன.

சொல்லும் சான்றும்

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவரே சென்னைக்கு வழிகாட்டினார் என்று நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மாணவர்கள் இதை இப்படிச் சோதிக்கலாம். எம்டன் சிங்தாவை விட்டுப் புறப்பட்டது 1914 ஜூலை இறுதியில். செண்பகராமன் அந்த ஆண்டில் இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்து வேலை செய்தது சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில். அவர் கப்பலில் இருந்ததற்கு ஆவணச் சான்று இல்லை. இதனால் அவர் பெருமை குறையாது. 1915இல் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தது வரலாறு. உண்மையான பெருமை இருக்கும்போது கட்டிச் சொன்ன பெருமை எதற்கு?

1914 நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தியது. ஆனால் பெயர் நம் மொழியில் தங்கிவிட்டது: சாமர்த்தியசாலி, கில்லாடி, பயமுறுத்துகிறவர் என்ற பொருள்களில். இங்கே ஒன்றை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன். அடித்தவன் பெயரை நாம் சொல்லாகவே ஆக்கி வைத்துக்கொண்டோம். அன்றிரவு அடிபட்டு இறந்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உயர்நீதிமன்றச் சுவரில் அந்தத் தாக்குதலைக் குறிக்கும் கல்வெட்டுப் பலகை உள்ளது. சென்னைக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதுவரை, இங்கே பெங்களூரில் பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சந்திக்கும் முனையில் உள்ள நினைவுத்தூணைக் காட்டலாம். அதே உலகப்போரில் உயிர்நீத்த மெட்ராஸ் பயோனியர்ஸ் படைவீரர்களுக்கு எழுப்பியது அது. அந்த வழியாக எத்தனையோ முறை கடை கண்ணிக்குப் போயிருப்போம்.

பயிற்சி

1. மேலே சொன்ன இடங்களை உலகப்படத்தில் குறியுங்கள். சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் மற்ற இடங்களில் மணி என்ன என்று கணக்கிட்டு எழுதுங்கள்.

2. வட கடலில் 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சென்னையில் சிலர். ஆயினும் தமிழில் நிலைத்தது எம்டன் பெயரே. காரணம் என்ன? பத்து வரிகளில் எழுதுங்கள்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் எம்டனைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை 'படித்தது', 'பிறர் சொல்லக் கேட்டது' என இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டாவது பட்டியலே நீளமாக இருக்கும். அதில் எதையெல்லாம் சரிபார்க்க முடியும் என்று எதிரே குறியிடுங்கள்.