மல தானமும் மக்களின் இசைவும்

குருதி, கண், சிறுநீரகம் ஆகியவற்றைத் தானமாக வழங்குவது பற்றிப் பொதுமக்கள் ஓரளவு அறிவர். நோய் தீர்ப்பதற்காக மலத்தையும் தானமாக வழங்கலாம் என்ற செய்தியைக் கேட்போர் முதலில் நகைப்பர். பின்னர் முகம் சுளிப்பர். ஆயினும் இன்று பல நாடுகளில் இத்தானத்தால் உயிர் பிழைப்போர் உள்ளனர். கொடையாளிகள் போதிய அளவில் கிடைப்பதில்லை என்பதே இச்சிகிச்சை எதிர்நோக்கும் இடர்ப்பாடு. இதற்கு அருவருப்பு ஒன்றே காரணமா என்பது ஆராய்தற்குரியது.

நீடித்த ஆன்டிபயாடிக் சிகிச்சையால், நோய்க் கிருமிகளுடன் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழிந்துவிடுகின்றன. அவை நீங்கிய இடத்தில் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரக்கின்றது. அதனால் விளையும் கடும் வயிற்றுப்போக்கு முதியோரைச் சாவுவரை கொண்டுசெல்லக் கூடும். மருந்தினால் குணமடைந்தோரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்புகின்றது. ஓர் ஆன்டிபயாடிக் விளைத்த கேட்டை மற்றோர் ஆன்டிபயாடிக்கினால் தீர்க்க முயல்வதன் குறைபாடு இது எனலாம்.

அழிந்த நுண்ணுயிர்களை நலமுள்ள ஒருவரின் மலத்திலிருந்து எடுத்து நோயாளியின் குடலில் மீண்டும் குடியேற்றுவதே மாற்று வழியாகும். நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கோ ஹொங் கடும் வயிற்றுப்போக்குக்கு இத்தகைய சிகிச்சையைக் குறித்து வைத்தார். தற்கால மருத்துவத்தில், அமெரிக்காவின் டென்வர் நகர அறுவை மருத்துவர் பென் ஐஸ்மன் 1958ஆம் ஆண்டில் நான்கு நோயாளிகளுக்கு இதனை அளித்துப் பலன் கண்டார். எனினும், 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதனை முழுமையாக ஏற்றது. அவ்வாய்வில் இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமாயினர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமானோர் நால்வரே. வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்தமையால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் கொடையாளிகளின் மலத்திலிருந்து தயாரிக்கப்பட்ட இரு மருந்துகளுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் ஒன்று வாய்வழி உட்கொள்ளும் குளிகையாகும். குளிகையாயினும் அதன் மூலப்பொருளை ஒரு மனிதரே தர வேண்டியுள்ளது.

மக்கள் இதற்கு இசைவார்களா? கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் சுமார் 800 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2020இல் வெளியாயிற்று. பிறர்க்கு உதவும் எண்ணமும், பண ஈட்டுத்தொகையும், தம் கொடையால் நோயாளிக்கு விளைந்த பயனை அறியும் வாய்ப்பும் மக்களைத் தூண்டுவதாக அது கண்டது. முன்னரே குருதி தானம் செய்தவர்களிடம் இசைவு மிகுதியாக இருந்தது. தடைகளாகக் கூறப்பட்டவற்றுள் அருவருப்பும் ஒன்று. ஆனால் மலத்தைச் சேகரித்து மையத்திற்குக் கொண்டுசெல்வதிலுள்ள தொல்லை அதற்குக் குறைந்ததன்று. குருதிக் கொடையாளி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும். மலக் கொடையாளியோ வாரத்தில் பல முறை வர வேண்டியிருக்கும். கழித்த சில மணி நேரத்திற்குள் மலம் பதப்படுத்தப்பட வேண்டும். இயற்கை அழைப்பு அலுவலக நேரத்தைப் பார்த்து வருவதில்லை. வினாத்தாளில் இசைவு தெரிவிப்பது வேறு, காலை தோறும் பேருந்தில் அப்பொருளைச் சுமந்து செல்வது வேறு.

இசைந்தோர் அனைவரும் ஏற்கப்படுவதுமில்லை. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஓபன்பயோம் என்னும் இலாப நோக்கற்ற மல வங்கியில், விண்ணப்பித்தோரில் 3 சதவிகிதத்திற்கும் குறைவானவர்களே தேர்வு பெற்றனர். இக்கண்டிப்பு மிகையன்று. 2019இல் அந்நாட்டில் ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்ற இரு நோயாளிகளை, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா தாக்கியது, ஒருவர் இறந்தார். அம்மலம் அக்கிருமிக்காகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை.

அவ்வங்கி ஒவ்வொரு கொடைக்கும் 40 டாலர் அளித்து வந்தது. இங்குதான் கடினமான கேள்வி எழுகின்றது. பணம் பெறுவோர் தம் நோய்களையும் அண்மையில் உட்கொண்ட மருந்துகளையும் மறைக்கக் கூடும். இந்தியா இதனைக் குருதி விஷயத்தில் பட்டறிந்துள்ளது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் பணத்திற்குக் குருதி விற்பது தடை செய்யப்பட்டது. ஆயினும் வாரம் பல முறை வருபவரின் போக்குவரத்துச் செலவையும் நேரத்தையும் கணக்கில் கொள்ளாத திட்டம் நிலைக்காது. செலவை ஈடுசெய்வது விலை கொடுப்பதாகாது என்ற வேறுபாட்டை விதிகளில் தெளிவாக வரையறுத்தல் வேண்டும்.

இந்தியாவில் லூதியானா மருத்துவர்கள் பெருங்குடல் புண் அழற்சிக்கும், டில்லி கல்லீரல் நிலையத்தினர் மதுவால் விளையும் கடும் கல்லீரல் அழற்சிக்கும் இச்சிகிச்சையைப் பயன்படுத்தி ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். ஆனால் இந்நாட்டில் நலமுள்ளோர் குடலிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பரவலாக உள்ளன. எனவே தகுதியுடைய கொடையாளி மேலும் அரியவராகிறார். மற்றொன்றும் உண்டு. மேலைநாட்டு வினாத்தாள்கள் அருவருப்பை ஒருவரது மனநிலையாகக் கொள்கின்றன. இந்தியாவிலோ மலத்தைக் கையாளும் பணி நெடுங்காலம் சில சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. 1993, 2013ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அக்கொடுமையைத் தடை செய்தன. ஆதலால் கொடையாளியை மட்டும் கேட்டால் போதாது. கலத்தை வாங்குபவர் யார், ஆய்வுக்கூடத்தில் அதனைக் கலக்கி வடிகட்டி உறையவைப்பவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். அது பயிற்சி பெற்ற ஆய்வுக்கூடப் பணியாளரின் வேலையாகவே அமைதல் வேண்டும். துப்புரவுப் பணியாளரிடம் தள்ளிவிடப்படலாகாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரிலும் குருதிக் கொடையாளர்களிடமிருந்தே மலக் கொடையாளர்கள் திரட்டப்படுகின்றனர். சோதனைக்கு உட்பட்டுப் பழகியவர்கள் அவர்கள். முகம் அறியா நோயாளிக்குக் கொடுத்துப் பழகியவர்களும்கூட. இந்தியக் குருதி வங்கிகளிலும் அத்தகையோரின் பெயர்ப் பட்டியல்கள் உள்ளன.