வட்டின் தடமும் பதிவின் அளவும்

எழுதுமுன் ஏட்டுக்கு வரி வேண்டும். கணிப்பொறி வட்டுக்குத் தடவமைப்பு வேண்டும். 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 பெருங்கணிப்பொறியின் வட்டில், பதிவின் அளவை நிரல் எழுதுவோரே வகுத்தனர். தடத்தின் தொடக்கத்தில் அதன் முகவரியும், அடுத்துச் சுழியப் பதிவும், பின்னர்த் தரவுப் பதிவுகளும் அமையும். ஒவ்வொரு பதிவின் முன்னும் அதன் இடத்தையும் நீளத்தையும் கூறும் தலைப்பகுதி உண்டு. அதுவும் இடைவெளிகளும் இடம் கொள்வன. 1989இல் வந்த 3390 வட்டின் தடம், ஒரே பதிவாயின் 56,664 பைட்டுகள் கொள்ளும். 4,096 பைட்டுப் பதிவுகளாயின் 12 மட்டுமே, அதாவது 49,152 பைட்டுகள். 7,512 பைட்டுகள் குறைகின்றன. பதிவு சிறுத்தால் இழப்புப் பெருகும். இன்றைய பெருங்கணிப்பொறிச் சேமிப்பகங்களும் இத்தடக் கணக்கையே பேணுதலின், இதனை நாம் கற்றல் நன்று.