வீடில்லாதவருக்கும் உரிமை உண்டு

பேருந்து நிலையத்திலிருந்தோ கோயில் வாசலிலிருந்தோ மீட்கப்பட்டு மருத்துவமனைக்கு வருவோரை நாம் அவ்வப்போது காண்கிறோம். சிலர் பெயரை மட்டுமே சொல்வர். சிலர் அதையும் சொல்லார். உறக்கம் சீராகி, மருந்து பலன் தந்து, பேச்சுத் தெளிந்த பின், "இவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாமா?" என்று உடனிருப்போர் கேட்பதுண்டு. "முகவரி இல்லாதவருக்கு எப்படி?" என்னும் ஐயமும் உடன் எழும். இவ்வையத்தைத் தெளிவாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகுதியை முடிவு செய்வது எது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மனநோய், அறிவுசார் குறைபாடு, பார்வைக் குறைபாடு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோரின் நிலை ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரும்பாலான நலத்திட்டங்களுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இந்த அளவைக் கணிக்கும்போது ஒருவருக்கு வீடு உண்டா என்பது கேள்வியே அன்று.

மனநோயை மதிப்பிடுவதற்கு 'ஐடியாஸ்' என்னும் இந்திய அளவுகோல் பயன்படுகிறது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கிற்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் தரப்படும். கடந்த ஈராண்டில் நோய் நீடித்த காலத்திற்குத் தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 20இல் 7 அல்லது அதற்கு மேல் பெற்றவர் 40 விழுக்காட்டு எல்லையை எட்டுகிறார். நோயின் முன்வரலாறு தெரியாதவரிடத்தில் இம்மதிப்பீடு கடினமாகும். ஆகவே, மீட்டவர்களும் காப்பகப் பணியாளர்களும் கண்டதைத் தேதியுடன் குறித்து வைத்தால், அக்குறிப்பு மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

முகவரிச் சான்றுக்கு என்ன வழி?

2017ஆம் ஆண்டு விதிகளின் விண்ணப்பப் படிவம், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றுடன் வேறொரு சான்றையும் ஏற்றது: ஆதரவற்றோர், மனநோயாளர் முதலியோருக்கான இல்லத்தில் தங்கியிருப்பவர் அவ்வில்லத் தலைவரிடம் பெறும் இருப்பிடச் சான்று. ஆதார் பதிவுக்கும் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத் தலைவரின் சான்று உதவும். சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி வழங்கப்படும் சான்று நாடு முழுவதும் செல்லும். பிற மாநிலத்திலிருந்து வழிதவறி வந்தவர் ஊர் திரும்பினாலும் அது பயனற்றுப் போகாது.

சிகிச்சையே முதற்படி

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வீடற்ற மனநோயாளர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. தெருவில் அலையும் மனநோயாளரைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். எக்காரணத்தாலும் சிறையில் அடைக்கலாகாது. இத்தகையோருக்கெனத் தமிழக அரசு அமைத்த அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் நம் புதுக்கோட்டையிலும் உள்ளது. இங்கு தொடங்கும் சிகிச்சைக் குறிப்பே பின்னர்ச் சான்றுக்கு அடிப்படையாகிறது.

எவ்வளவு கிடைக்கும்?

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். குறைபாட்டின் வகைக்கேற்ப விழுக்காட்டு வரம்பு மாறும்: அறிவுசார் குறைபாட்டிற்கு 40, கடுமையான உடற்குறைபாட்டிற்கு 75. வருவாய்த்துறையின் ஓய்வூதியம் வேறு திட்டம். அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். எது பொருந்தும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறிக.

நாம் திருத்திக்கொள்ள வேண்டியது

உடல் தேறியவுடன் மருந்துச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவது மருத்துவர்களாகிய எங்களிடமும் உள்ள குறை. சில மாதங்களில் அதே மனிதர் அதே நிலையில் மீண்டும் வருவதைக் கண்டபின்னரே, சீட்டுடன் சான்றும் தேவை என்பதை உணர்ந்தோம். மருந்து நின்றால் நோய் திரும்பும். வருமானம் இல்லையேல் உணவும் தங்குமிடமும் நின்று, மருந்தும் நிற்கும். ஆதலால் சிகிச்சையில் இருக்கும்போதே விண்ணப்பத்தைத் தொடங்குவது நன்று.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நீண்டகால மனநோயுள்ள உறவினர் இன்று உங்களுடன் இருக்கலாம். நாளை வழிதவறவும் கூடும். வீட்டில் இருக்கும்போதே அவருக்கு அட்டை பெற்று, நகலைப் பத்திரப்படுத்துங்கள். சான்றில் காலவரம்பு இருப்பின், அது முடியுமுன் புதுப்பியுங்கள். காணாமற்போனால் உடனே காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீதியில் ஒருவரைக் கண்டால், அவருக்கும் ஒரு பெயர் உண்டு, உரிமையும் உண்டு என்பதை நினைவிற்கொள்வோம்.