நாற்காலி காலியானால் யார் கையெழுத்துப் போடுவது?

வேலை செய்யும் இடத்தில் மேனேஜர் திடீரென்று ராஜினாமா கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருப்பீங்க. மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர், ஒப்பந்தத்தில் வேறு கணக்கு இல்லையென்றால், 8 வாரம் நோட்டீஸ் கொடுத்தால் போதும். புது ஆளைத் தேடி, நேர்முகத் தேர்வு வைத்து, அவரும் தன் பழைய இடத்தில் நோட்டீஸை முடித்துவிட்டு வருவதற்குள் அந்த 8 வாரம் பறந்துடும். அதுவரை சப்ளையர் பில்லில், சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்துப் போடுவது?

அவசரத்தில் கிடைத்தவரைப் பிடித்து உட்கார வைப்பதுதான் பெரிய ஆபத்து. இடைக்கால மேலாளர் கம்பெனிக்கு வாங்கித் தருவது அவகாசம்.

இன்ஃபோசிஸ் கதையைப் பாருங்க. 2017 ஆகஸ்ட் 18 அன்று விஷால் சிக்கா பதவி விலகினார். நிறுவனர்களோடு பகிரங்கமாகவே சச்சரவு நடந்த நேரம் அது. அன்றைக்கே பிரவீன் ராவ் இடைக்காலத் தலைமை அதிகாரி ஆனார். நிர்வாகக் குழு நிதானமாகத் தேடியது. 2018 ஜனவரி 2இல் சலில் பரேக் பொறுப்பேற்றார். ராவ் சத்தமில்லாமல் தன் பழைய பதவிக்கே திரும்பினார். என்னைக் கேட்டால், பொறுப்பை ஏற்றதைவிட இதுதான் கஷ்டமான வேலை!

இன்ஃபோசிஸில் உள்ளேயே ஆள் இருந்தார். ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில்? அங்கேதான் வெளியிலிருந்து, ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ, அனுபவசாலி ஒருவரை அமர்த்துகிறார்கள். இதே வேலையை வேறு இடங்களில் செய்தவர் என்பதால் பழக நாளாகாது. யார் யாருக்கு வேண்டியவர் என்ற கணக்கும் அவருக்கு இல்லை. பல வருடமா யாரும் தொடாத நஷ்டக் கணக்கை எடுத்து மேசையில் போட்டுடுவார்.

செலவு? மாதக் கணக்கில் பார்த்தால் அதிகம்தான். ஆனால் தப்பான ஆளை நிரந்தரமாக எடுத்துவிட்டு, பிறகு அனுப்ப முடியாமல் முழிப்பதற்கு இது பரவாயில்லை.

ரெண்டு விஷயம் மட்டும் எழுத்தில் இருக்கணும்: எதில் முடிவெடுக்க அவருக்கு அதிகாரம், எந்தத் தேதியில் போகிறார். அதிகாரம் இல்லாவிட்டால், "இவர் எப்படியும் போயிடுவாரு" என்று ஊழியர்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தேதி இல்லாவிட்டால் அவருக்கே அந்த நாற்காலி மேல் ஆசை வந்துடும். அப்புறம் நஷ்டக் கணக்கை மேசையில் போடமாட்டார்.