நைட் டியூட்டியும் கட்டார் யோசனையும்

கேள்வி: மட்டக்களப்பில் மூன்று வருடத் தாதியர் டிப்ளோமா முடித்து, கல்முனையில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்திருக்கிறேன். நைட் டியூட்டி என்றாலே பயம். கட்டாருக்குப் போய்விடலாமா?
– ஒரு சகோதரி, சாய்ந்தமருது

பதில்: அவசரப்படாதீங்க தங்கச்சி. கட்டாரிலும் நைட் டியூட்டி உண்டு. சந்தேகம் கேட்க நம்ம ஊர் மூத்த மிஸ்ஸிதான் அங்கே இருக்கமாட்டா. அனுபவக் கடிதமும் கேட்பார்கள். முதலில், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இலங்கைத் தாதியர் சபையில் உங்கள் பதிவைச் சரிபாருங்கள்.

நைட் டியூட்டியில் புதியவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் ஊசி மருந்தல்ல, யாரை முதலில் பார்ப்பது என்ற குழப்பம். அமெரிக்காவில் தாதியர் அனுமதிக்கான என்கிளெக்ஸ் பரீட்சையும் தன் 85 முதல் 150 வரையான கேள்விகளில் இதைத் துருவிப் பார்க்கிறது. டியூட்டி மாறும்போது மேசையில் இருந்தல்ல, ஒவ்வொரு கட்டிலடியிலும் நின்று பாரமெடுங்கள். மூச்சு வேகம் கூடினாலோ, பிரஷர் இறங்கினாலோ உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள். ஏச்சு விழுந்தால் விழட்டும்.