பாடம் 9: வெளியே நெருப்பு, உள்ளே கம்பளி

வாசிக்கும் முன் பேசுவோம்

• நீங்கள் பனி மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே எங்கே தங்கினீர்கள்?
• குளிரும்போது உங்கள் வீட்டில் உடம்பைச் சூடாக வைத்திருக்க என்ன செய்வீர்கள்?

1. பனி பார்க்கப் போவோமா?

பிள்ளைகளே, ஜூலை மாதப் பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் பல குடும்பங்கள் பனி பார்க்கப் புறப்படுவது வழக்கம். சிட்னியில் இருந்து தெற்கே சுமார் 460 கிலோமீற்றர் தூரத்தில் ஜிண்டபைன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. காரில் போக ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கும். வழியில் கன்பராவையும் கூமாவையும் கடப்பீர்கள்.

ஜிண்டபைன் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. 1960களில் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். அதனால் பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே மக்களை மேட்டு நிலத்தில் கட்டிய புதிய ஊருக்குக் குடியேற்றினார்கள். நீங்கள் இன்று பார்ப்பது அந்தப் புதிய ஊரைத்தான்.

ஊருக்கு மேலே கொசியஸ்கோ தேசியப் பூங்கா இருக்கிறது. கொசியஸ்கோ மலையின் உயரம் 2228 மீற்றர். அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் இதுதான் மிக உயரமான மலை.

இப்போது ஒரு கேள்வி. இலங்கையில் உள்ள பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீற்றர். தமிழ்நாட்டில் உள்ள தொட்டபெட்டா மலையின் உயரம் 2637 மீற்றர். இரண்டுமே கொசியஸ்கோவை விட உயரம்! ஆனால் அந்த மலைகள் குளிர்காலத்தில் கொசியஸ்கோவைப் போல வெண்பனியால் மூடப்படுவதில்லை. ஏன்? அவை பூமியின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கின்றன. கொசியஸ்கோ நடுக்கோட்டில் இருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது. ஓர் இடம் எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதாது. அது பூமியில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

2. ஒரே பனி, பல பெயர்

என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, மாலையில் வெளியே நின்றால், "பனிக்குள்ள நிக்காதை பிள்ளை, தடிமன் வரும்" என்று சொல்லுவார். நான் வெளியே எட்டிப் பார்ப்பேன். அங்கே ஒரு வெள்ளைத் துளிகூட இருக்காது! 'அம்மம்மா எந்தப் பனியைச் சொல்கிறார்?' என்று யோசிப்பேன். பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மம்மாவின் பனி வேறு, என்னுடைய பனி வேறு.

தமிழில் 'பனி' என்ற சொல் பல பொருள்களைத் தரும். அதனால் இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

• பனித்துளி: காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி
• மூடுபனி: வீதியை மறைக்கும் புகை போன்ற பனி
• உறைபனி: குளிர்ந்த இரவில் புல்லிலும் கார்க் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும் பனி
• வெண்பனி: வானத்தில் இருந்து பஞ்சு போல விழும் பனி
• பனிக்கட்டி: கல்லுப் போல உறைந்த தண்ணீர்

3. கரவன் பார்க்கில் ஒரு நாள்

காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சின்ன வீட்டைக் கரவன் என்கிறோம். கரவன்களும் கூடாரங்களும் நிற்கும் இடம் கரவன் பார்க். உங்களிடம் கரவன் இல்லாவிட்டாலும் அங்கே தங்கலாம். பல இடங்களில் சிறிய மரவீடுகளையும், அங்கேயே நிற்கும் கரவன்களையும் வாடகைக்குக் கொடுப்பார்கள்.

ஹோட்டலில் எல்லாம் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கும். கரவன் பார்க்கில் அப்படி இல்லை. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் பெரும்பாலும் பொதுவானவை. ஒருவர் புட்டு அவிப்பார், பக்கத்தில் இன்னொருவர் பான்கேக் சுடுவார். "இது என்ன?" என்று கேட்பார்கள். நீங்கள் ஒரு துண்டு கொடுப்பீர்கள். அப்படித்தான் அங்கே நட்புத் தொடங்கும். ஆனால் பாவித்த பாத்திரத்தை நீங்களே கழுவி வைக்க வேண்டும். இரவில் சத்தம் போடக் கூடாது. துணிச்சுவர் சத்தத்தைத் தடுக்காது!

பனி மலைக்குக் கிட்டத் தங்கும்போது இன்னும் சில வேலைகள் இருக்கின்றன.

• இரவில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடலாம். அதனால் படுக்கப் போக முன் கேத்தலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலையில் தேநீருக்கு உதவும்.
• காரின் கண்ணாடித் துடைப்பான்களை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.
• மலை வீதியில் போகச் சக்கரச் சங்கிலி தேவைப்படலாம். வழுக்கும் வீதியில் சக்கரத்துக்கு அது பிடிப்பைக் கொடுக்கும். புறப்பட முன் வீதி விதிகளை அப்பா அம்மாவோடு சேர்ந்து பாருங்கள்.

4. காட்டில் வாழும் அயலவர்கள்

கரவன் பார்க்கைச் சுற்றிப் பற்றைக்காடு இருக்கும். அங்கே கங்காருவும் வொம்பற்றும் பொசமும் வாழ்கின்றன. அது அவற்றின் வீடு. நாங்கள்தான் விருந்தாளிகள்.

காலையில் உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் சதுரமான புழுக்கைகள் கிடந்தால் பயப்பட வேண்டாம். இரவில் ஒரு வொம்பற் வந்து போயிருக்கிறது! உலகத்தில் இப்படிச் சதுரமாகப் புழுக்கை போடுவது வொம்பற் மட்டும்தான்.

விலங்குகளுக்குப் பாண் கொடுக்கக் கூடாது. கங்காரு புல் தின்னும் விலங்கு. எங்கள் உணவு அதற்கு நோயைக் கொடுக்கும். பொழுதுபடும் நேரத்தில் விலங்குகள் வீதிக்கு வரும். அதனால் அந்த நேரத்தில் காரை மெதுவாக ஓட்ட வேண்டும்.

இன்னும் மேலே, மலை உச்சிப் பாறைகளுக்கு இடையே, ஒரு சின்ன விலங்கு வாழ்கிறது. அதன் பெயர் மலைக் குட்டிப் பொசம். அதன் எடை சுமார் 45 கிராம்தான். உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்பு விஞ்ஞானிகள் இதன் பழைய எலும்புகளை மட்டுமே பார்த்திருந்தார்கள். இந்த விலங்கு அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். 1966இல் விக்ரோரியாவின் ஹொதம் மலையில், பனிச்சறுக்க வருபவர்கள் தங்கும் ஒரு வீட்டில், ஒன்று உயிரோடு கிடைத்தது!

இந்தப் பொசம் குளிர்காலம் முழுவதும் வெண்பனிக்குக் கீழே தூங்கும். அது உறைந்து போகாதா? போகாது. வெண்பனிக்குள் நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்று நிலத்தின் சூட்டை வெளியே போக விடாது. வெண்பனிதான் அந்தப் பொசத்தின் போர்வை.

இந்த இரகசியத்தை நினைவில் வைத்திருங்கள். அடுத்த பகுதியில் தேவைப்படும்.

5. அன்று இரவு நடந்தது

இது எங்கள் வீட்டுக் கதை. இதில் பிழை விட்டது நான்தான்.

அப்போது என் மகளுக்கு ஏழு வயது. நாங்கள் ஒரு கரவனை வாடகைக்கு எடுத்தோம். கரவனுக்குள் மின் சூடாக்கி இருந்தது. கரவனோடு சேர்த்துத் துணியால் ஒரு அறையும் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அந்தத் துணி அறையில்தான் இருக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் அங்கே சூடாக்கி இல்லை. சரியான குளிர்.

அன்று மாலை வெளியே கரி அடுப்பில் சோளம் சுட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்த பிறகும் கரி சிவப்பாக இருந்தது. சுவாலையும் இல்லை, புகையும் இல்லை. 'இதை உள்ளே வைத்தால் நல்ல சூடாக இருக்குமே' என்று நினைத்தேன். அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். குளிர்காற்று வராமல் துணிக்கதவையும் இழுத்துப் பூட்டினேன். நான் நாள் முழுக்கக் கணினியில் பிழைகளைத் தேடித் திருத்தும் வேலை செய்கிறவள். ஆனால் என் பிழை எனக்குத் தெரியவில்லை.

அரை மணித்தியாலம் போனது. நாங்கள் சீட்டு விளையாடிக்கொண்டு இருந்தோம்.

"அம்மா, எனக்குத் தலையிடிக்குது."

"தூரப் பயணம் வந்த களைப்பு, பிள்ளை. கொஞ்சம் படுங்கோ."

அவள் படுக்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

"இல்லை அம்மா, இது வேற மாதிரி. வயித்தையும் பிரட்டுது. நான் வெளியில போறன்."

அவள் கதவைத் திறந்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். எனக்கும் தலை இலேசாகச் சுற்றியது. பக்கத்துக் கரவனில் இருந்த வயதான ஒருவர் கேத்தலோடு வந்துகொண்டு இருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். எங்கள் துணி அறைக்குள் சிவப்பாகத் தெரிந்ததையும் பார்த்தார். "உள்ளே கரியா எரிகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் கேத்தலைக் கீழே போட்டுவிட்டு, "எல்லாரும் வெளியே வாருங்கள், இப்பவே!" என்று கத்தினார்.

என் கணவரும் மகனும் ஓடி வந்தார்கள். அன்று இரவே எல்லாரும் மருத்துவரிடம் காட்டினோம். நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பிள்ளை சொல்லாமல் படுத்திருந்தால், நீங்கள் எல்லாரும் எழும்பாமலே போயிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. சுவாலை அணைந்த பிறகும், சிவந்த கரியில் இருந்து அது வந்துகொண்டே இருக்கும். வெளியே என்றால் காற்றோடு போய்விடும். மூடிய இடத்தில் என்றால் நிறைந்துவிடும். நாம் அதைச் சுவாசிக்கும்போது, இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடிக்கும், தலை சுற்றும், வாந்தி வரும், நித்திரை வரும். நித்திரை வந்துவிட்டால் தப்புவது கடினம்.

அடுத்த நாள் இரவு நாங்கள் அந்தக் குட்டிப் பொசத்தைப் போலச் செய்தோம். ஒரு தடித்த உடுப்புக்குப் பதிலாக மூன்று மெல்லிய உடுப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டோம். அவற்றுக்கு இடையில் காற்று அடைபட்டது. கம்பளித் தொப்பியும், காய்ந்த காலுறையும் போட்டோம். சுடுதண்ணீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்தோம். நன்றாக நித்திரை கொண்டோம். அடுப்பு வெளியே இருந்தது.

6. நினைவில் வைத்திருங்கள்

• கரி அடுப்பையும் பார்பிகியூ அடுப்பையும் கூடாரத்துக்குள், கரவனுக்குள், காருக்குள், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அணைந்தது போல இருந்தாலும் கொண்டுபோகக் கூடாது.
• தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் முதலில் வெளியே போங்கள். மற்றவர்களையும் வெளியே கூப்பிடுங்கள். பிறகு 000 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.
• பெரியவர்கள் "ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும், உங்கள் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்றால் திரும்பவும் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

சொற்களும் பொருளும்

அயலவர் – பக்கத்தில் வாழ்பவர்
கொளுவி – மாட்டி
தடிமன் – சளி, மூக்கில் நீர் வடிதல்
பாண் – கோதுமை மாவில் சுடும் ரொட்டி
பற்றைக்காடு – குட்டை மரங்களும் செடிகளும் அடர்ந்த காடு
புழுக்கை – சில விலங்குகளின் எச்சம்
பொழுதுபடும் நேரம் – சூரியன் மறையும் நேரம்
சுவாலை – எரியும் நெருப்பின் நாக்கு
வயிற்றைப் பிரட்டுது – வாந்தி வருவது போல இருக்கிறது

பேசும் தமிழ், எழுதும் தமிழ்

நிக்காதை – நிற்காதே
தலையிடிக்குது – தலை இடிக்கிறது
வெளியில போறன் – வெளியே போகிறேன்
படுங்கோ – படுங்கள்

சில வீடுகளில் "தலை வலிக்குது" என்று சொல்லுவார்கள். இரண்டும் சரி. உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லுவீர்கள்?

இலக்கணம்: வேண்டும், கூடாது

கழுவு – கழுவ – கழுவ வேண்டும்
கொடு – கொடுக்க – கொடுக்கக் கூடாது

பயிற்சிகள்

அ. விடை எழுதுங்கள்.
1. பீதுருதாலகால மலை கொசியஸ்கோவை விட உயரம். ஆனால் அங்கே கொசியஸ்கோவைப் போல வெண்பனி மூடுவதில்லை. ஏன்?
2. அம்மம்மா சொன்ன 'பனி' எது? பிள்ளை நினைத்த 'பனி' எது?
3. வெண்பனி எப்படிக் குட்டிப் பொசத்துக்குப் போர்வை ஆகிறது?
4. மகள் இரண்டாம் முறை சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

ஆ. சரியா, பிழையா?
1. காபனோரொட்சைட்டு வாயுவை மணத்தால் கண்டுபிடிக்கலாம்.
2. சுவாலை இல்லாத கரியை உள்ளே வைக்கலாம்.
3. வொம்பற்றின் புழுக்கை சதுரமாக இருக்கும்.

இ. 'வேண்டும்' அல்லது 'கூடாது' சேர்த்து எழுதுங்கள்.
1. கங்காருவுக்குப் பாண் (கொடு) __________.
2. பாவித்த பாத்திரத்தை (கழுவு) __________.
3. இரவில் சத்தம் (போடு) __________.

ஈ. வீட்டு வேலை
உங்கள் குடும்பம் பனி மலைக்குக் கிட்ட இரண்டு இரவு தங்கப் போகிறது. எடுத்துப் போக வேண்டிய பத்துப் பொருள்களைத் தமிழில் எழுதுங்கள். பட்டியலை அம்மாவிடமோ அப்பாவிடமோ வாசித்துக் காட்டுங்கள். அடுப்பை எங்கே வைப்பீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.